பட்டன் இருந்தும் பின்சக்கரம் ஏன் வழுக்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், பின்சக்கர டிரைவ், 400 குதிரைத்திறனுக்குப் பக்கம். டயரில் பட்டன் (ரோட்டைத் தொடுகிற முகத்தில் உள்ள ரப்பர் கட்டைகளும் பள்ளங்களும்) 5, 6 மி.மீ. ஆழம், நன்றாகவே இருக்கிறது. மதியம் காய்ந்த ரோட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குளிர்ந்த காலையில், ரோடு லேசாக நனைந்திருந்தால், இரண்டாவது கியரில் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தாலே பின்பக்கம் விலகுகிறது. ஒரு நண்பர் காற்றை 28 பிஎஸ்ஐக்கு இறக்கு, பிடிப்பு கூடும் என்கிறார். இன்னொருவர் பின்னால் இரண்டு டயரை மட்டும் அகலமாகப் போடு என்கிறார். இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வி. எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறொன்று என்று தோன்றுகிறது: பட்டன் இருக்கிற டயரை நம்பலாமா, கூடாதா? பட்டனை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. நண்பர்கள் சொன்ன இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டயர் மாட்டுவது, பேலன்சிங், அலைன்மென்ட் என்று இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் வார இறுதிகளில் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் காற்று பார்க்கிற கேஜோடு நின்றிருக்கிறேன். ரப்பர் கலவை போடுகிற வேதியியல் ஆள் கிடையாது. உங்கள் காரை நான் தொட்டும் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். ஊகத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கார் 1,600 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்குச் சுமார் 400 கிலோ. காற்று 35 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. 400ஐ இரண்டரையால் வகுத்தால் 160. ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் அவ்வளவுதான், விரலோடு சேர்த்த ஒரு கை அளவு. நான்கையும் சேர்த்தால் ஓர் ஏ4 தாள். பக்கச்சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் அளவு மனதில் பதிய இது போதும். பிரேக், திருப்பம், வேகமெடுப்பது எல்லாமே அந்தத் தாளின் வழியாகத்தான். உங்கள் காரில் 400 குதிரையின் இழுப்பு முழுக்க அதில் பாதித் தாளின் வழியாகப் போகிறது. அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரமும் காற்றும் அப்படியே இருந்தால் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும்: நீளமாக இருந்தது குறுகி, பக்கவாட்டில் விரியும். திருப்பத்தில் அதற்குப் பலன் உண்டு. தண்ணீரில் அதுவே எதிரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தக் கை அளவு இடத்தில் ரப்பர் இரண்டு விதமாக ரோட்டைப் பிடிக்கிறது. ரோட்டில் உள்ள சின்னச் சின்னக் கற்களின் மேடு பள்ளத்துக்குள் ரப்பர் அமுங்கி இறங்குகிறது; மேட்டைத் தாண்டிய பிறகு உடனே பழைய வடிவத்துக்கு வராமல் கொஞ்சம் தாமதிக்கிறது, அந்தத் தாமதம்தான் இழுத்துப் பிடிக்கிறது. இது ஒன்று. ரப்பரும் ரோட்டின் மேல்பரப்பும் கண நேரம் ஒட்டி ஒட்டி விடுபடுவது இன்னொன்று. ரோடு நனைந்ததும் இந்த ஒட்டல் பெரும்பாலும் போய்விடும், நடுவில் தண்ணீர்ப் படலம் வந்து உட்கார்ந்துவிடுகிறதே. மிஞ்சுவது அமுங்கிப் பிடிப்பதுதான், அதற்கு ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டிப்பட்ட ரப்பர் காய்ந்த ரோட்டில் எப்படியோ ஒப்பேற்றிவிடும், ஈரத்தில் அதன் சாயம் வெளுத்துவிடும். நீங்கள் சொல்கிற அறிகுறி அப்படியே இதோடு பொருந்துகிறது. பட்டனுக்கு இதில் வேலை இல்லையா என்றால், உண்டு, ஆனால் அந்த வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. லேசான ஈரத்தில் தள்ளுவதற்குத் தண்ணீரே அதிகம் இல்லை. அங்கே பேசுவது ரப்பர்.

ரப்பர் கெட்டியாவதற்கு இரண்டு காரணம், ஒன்று குளிர், மற்றொன்று வயது. இந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலும் கோடை டயர்தான் இருக்கும். அந்தக் கலவை சூட்டுக்குச் செய்தது; 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நன்றாக இறுகிவிடும் என்பது டயர்க் கம்பெனிகளே சொல்வது. டிராக்குக்கென்றே செய்த கலவையாக இருந்தால், உறைகிற குளிரில் காரை நகர்த்தவே வேண்டாம், ரப்பர் வெடித்துவிடும் என்றுகூட எச்சரிக்கை உண்டு. 7 டிகிரி என்பது ஏதோ சுவிட்ச் போட்ட மாதிரி மாறுகிற எல்லை இல்லை. 12 டிகிரியிலேயே, இரவு முழுக்க நின்ற காரில், முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அந்த டயர் தூக்கத்தில்தான் இருக்கும். அதனால் உங்கள் பிரச்சினையில் ஒரு பகுதி வெறும் குளிராக இருக்கலாம். அதே காரை அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் ஈரத்தில் வழுக்கினால் குளிரைக் குறை சொல்ல முடியாது, அப்போது வயதைத்தான் பார்க்க வேண்டும்.

வயதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்குகிற ஒரு வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 3217 என்றால் 2017ஆம் வருடத்தின் 32ஆவது வாரம். சில டயரில் இந்த நான்கு எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் காரைத் தூக்கியோ கீழே படுத்தோதான் பார்க்க வேண்டும். சோம்பல் படாமல் நான்கு டயரையும் பாருங்கள், ஒன்றுக்கொன்று வேறுபட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அப்படியே கட்டைவிரல் நகத்தைப் பட்டன் கட்டையில் அழுத்திப் பாருங்கள். நல்ல கோடை டயரில் நகம் கொஞ்சம் இறங்கும், எடுத்ததும் தடம் மெல்ல மறையும். மேசைப் பலகையில் அழுத்துகிற மாதிரி இருந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. நகச் சோதனை விஞ்ஞானம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகிய கைக்கு அது பொய் சொல்வதும் குறைவு.

எத்தனை வருடம் ஓட்டலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. கார்க் கம்பெனிகள் பல, ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர்க் கம்பெனிகள் பல, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்து, பத்தாவது வருடத்தில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள நான்கு வருடம் அந்த டயர் எப்படி வாழ்ந்தது என்பதைப் பொறுத்தது. வெயிலில் நின்றதா, நிழலிலா, டிராக்கில் சூடேறி ஆறி சூடேறி ஆறி எத்தனை முறை போயிருக்கிறது என்றெல்லாம் கேட்க வேண்டும். என் கணக்கு, இந்த அளவு சக்தியுள்ள காருக்கு ஆறு வருடம். அதற்கு மேல் போனால் ஈரத்தில் நான் நம்ப மாட்டேன். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதிகம் ஓட்டாமல் ஷெட்டில் பொத்திப் பொத்தி வைத்த காரில்தான் இந்த ஏமாற்று நடக்கும். ரப்பரில் ஓசோனையும் வெடிப்பையும் தடுக்கிற மெழுகும் வேறு சில சேர்மானங்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மெல்ல மேலே வந்து காவல் நிற்கும். நிறுத்தியே வைத்தால் அந்த நெளிவு இல்லை. பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடு தட்டிப்போகும். பழைய கார் விற்கிறவர் பட்டனைக் காட்டிப் பெருமைப்படுகிறார் என்றால், நான் முதலில் அந்த நான்கு எண்ணைத்தான் தேடுவேன்.

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து பலருக்கு நினைவிருக்கும். கார் போர்ஷே கரேரா ஜிடி, ஓட்டியது அவருடைய நண்பர். 45 மைல் எல்லை உள்ள சாலையில் மணிக்கு 80 முதல் 93 மைல் வரை வேகம், அதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் டயர்கள் ஒன்பது வருடப் பழையவை, அது காரின் நடத்தையைப் பாதித்திருக்கலாம் என்பதும் அதே விசாரணையில் வந்தது. பழியை முழுக்க டயர்மேல் போடுவது நியாயமில்லை, வேகம் வேகம்தான். ஆனால் டயரின் வயதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், டிராக்கிலிருந்து. அங்கே குறைத்து வைப்பது உண்மைதான். குளிர்ந்த டயரில் 28 வைத்து இறங்குவார்கள், நான்கைந்து சுற்றில் சூடேறி 35, 36ல் போய் நிற்கும். அவர்கள் குறி வைப்பது அந்தச் சூட்டு அழுத்தத்தை. வெளியே வந்ததும் ஓடிப்போய் அளந்து, கூடுதலாக இருப்பதை இறக்குவார்கள். நீங்கள் ரோட்டில் போகும்போது அந்தச் சூடு வராது, 28 வைத்தால் 30, 31ல் நிற்கும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அதில் சூடு பிறக்கும், அந்தச் சூடு எஃகுப் பட்டைகளையும் ரப்பரையும் ஒட்டிவைத்திருக்கிற பிடிப்பைத் தளர்த்தும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது என்று கேள்விப்படுகிறோமே, அதில் பல இப்படிப்பட்டவை. சூடான டயரை அளந்துவிட்டு, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்குகிறவர்களும் இதே தவறைத்தான் வேறு வழியில் செய்கிறார்கள்.

ரோட்டுக்கான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, முழுப் பாரத்துக்குத் தனி என்று இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்சம், அது உங்கள் காருக்கான அளவு இல்லை; இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வருவார்கள். அளப்பது காலையில், கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. வெப்பநிலை 5, 6 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும், ஆக நல்ல வெயிலில் காற்று பிடித்துவிட்டுக் குளிர்காலம் வரை தொடாமல் விட்டால் 4 பிஎஸ்ஐ தானாகவே காணாமல் போயிருக்கும். அழுத்த விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறையும்போது. 36 என்றால் 27. நண்பர் சொன்ன 28ல் அது வாயே திறக்காமல் இருக்கலாம்.

தண்ணீர் தேங்கி நிற்கிற ரோட்டில் இன்னும் மோசம். 1960களில் நாசாவில் வால்டர் ஹார்னும் உடன் வேலை செய்தவர்களும் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள்: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்குகிற வேகம் நாட் கணக்கில் வரும். 36 பிஎஸ்ஐக்கு 54 நாட், மணிக்கு 100 கி.மீ. 28க்கு மணிக்கு 88 கி.மீ. விமான டயருக்கான கணக்கை அப்படியே கார் டயருக்குப் பொருத்த முடியாது. பட்டன் ஆழம், டயரின் அகலம், தண்ணீரின் உயரம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும், அகலமான தேய்ந்த டயர் இதற்கு முன்பே மிதக்கலாம். ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது: காற்றைக் குறைத்தால் மிதக்கிற வேகமும் குறைகிறது. அகலத்தைக் கூட்டினாலும் அப்படியே, ஏனென்றால் தள்ள வேண்டிய தண்ணீர் கூடுகிறது. நண்பர்கள் இருவரும் உங்களை ஒரே பள்ளத்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்து தள்ளுகிறார்கள். பட்டனுக்கு இங்கே உண்மையான வேலை உண்டு. பட்டன் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் குறுக்கே தெரிகிற சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம், பட்டன் அதோடு சமமானால் சட்டப்படி மாற்ற வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. நான் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வேன். அதற்குக் கீழே மழையில் டயரின் குணம் வேகமாக இறங்குகிறது.

பட்டன் அளந்ததாகச் சொல்கிறீர்கள், எங்கே அளந்தீர்கள்? வெளி விளிம்பிலா, நடுவிலா? இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் இதே மாதிரிக் காரில் வந்து, டயர் புதுசு மாதிரி இருக்கிறது, பேலன்சிங் மட்டும் பாருங்கள், ஸ்டீயரிங் லேசாக ஆடுகிறது என்றார். நின்றபடி பார்த்தால் உண்மைதான், 5 மி.மீ. பட்டன். லிஃப்டில் ஏற்றி, பின் டயரின் உள் விளிம்பைப் பழக்கத்தில் கையால் தடவினேன், விரலில் நறுக்கென்று குத்தியது. டார்ச் அடித்தால், ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, துருப்பிடித்த கம்பி நார் நாராகச் சுற்றிலும் வந்துவிட்டது. முந்தின நாள்தான் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் வந்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இந்தக் கார்களில் திருப்பத்துக்காகப் பின்சக்கரத்தை மேல்பக்கம் உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள், எதிர்மறை கேம்பர் என்பது அதுதான். அதோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கிற கோணம்) தவறிவிட்டால் உள் விளிம்பு மட்டும் தின்றுபோகும், வெளியே இருந்து தெரியவே தெரியாது.

ஆகவே கையுறை போட்டுக்கொண்டு (என்னை மாதிரி வெறுங்கையோடு வேண்டாம்) உள் விளிம்பைச் சுற்றிலும் தடவுங்கள். பிறகு பட்டன் மேல் உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை, வெளியேயிருந்து உள்ளே ஒரு தடவை. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் உணர்ந்தால் டோ சரியில்லை. பின்சக்கரங்கள் முன்பக்கமாகக் கொஞ்சம் உள்நோக்கி இருக்க வேண்டும், அதுதான் பின்பக்கத்தை நேராக வைத்திருக்கும். அது வெளிநோக்கிப் போயிருந்தால், புத்தம்புது டயர் போட்டாலும் பின்பக்கம் அலையத்தான் செய்யும். உங்கள் காரில் இது இருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை, ஆனால் வாங்கிய பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மட்டும் மாற்றலாமா என்பதற்கு: முன்னால் இருப்பவை வயதில் இளையவை, ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றால் தாராளமாக மாற்றலாம், புதியது பின்னால் போக வேண்டும். இது முன்சக்கர டிரைவுக்கும் பொருந்தும். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின்பக்கம் போனால் பெரும்பாலானவர்களுக்கு நேரமே இருக்காது. முன்னால் இருப்பவையும் அதே வயது என்றால் நான்கையும் மாற்றுவதுதான் முறை. நான்கு சக்கர டிரைவாக இருந்திருந்தால் இதைக் கண்டிப்பாகவே சொல்லியிருப்பேன், முன் பின் சுற்றளவு வேறுபட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பைப் பங்கிடுகிற நடு டிஃபரென்ஷியலோ கிளட்ச்சோ ஓயாமல் வேலை செய்து சூடேறிக் கெட்டுப்போகும். அளவைப் பொறுத்தவரை தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்வதை விட்டு நகராதீர்கள். பார எண்ணும் வேக எழுத்தும் கம்பெனி கொடுத்ததற்குக் குறையக் கூடாது: 94 என்றால் ஒரு டயருக்கு 670 கிலோ, டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., ஒய் என்றால் 300. பின்னால் மட்டும் அகலம் கூட்டினால் பின்பக்கம் கொஞ்சம் அமரும், உண்மைதான். பதிலுக்கு முன்பக்கம் திருப்பத்தில் வெளியே தள்ளும். கம்பெனிக்காரர்கள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து வைத்த சமநிலை அது.

சில டயரில் நட்சத்திரம், என்0, எம்ஓ என்று குறி இருக்கும். முறையே பிஎம்டபிள்யூ, போர்ஷே, மெர்சிடிஸ் ஆகியவற்றுக்கென்று சரிபார்த்துக் கொடுத்த டயர் என்று அர்த்தம். அதுதான் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதில்லை, ஆனால் ஒரே அச்சில் குறியுள்ளதும் இல்லாததுமாகக் கலக்காதீர்கள். அமெரிக்காவில் விற்கிற டயரில் டிரெட்வேர் எண் பார்ப்பீர்கள், 200 என்றால் சீக்கிரம் தேயும், 500 என்றால் நீண்ட நாள் வரும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணைப் போடுவது அந்தந்த டயர்க் கம்பெனியேதான், அதனால் ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொன்றின் 340ஓடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. பக்கத்தில் இருக்கிற ஏஏ, ஏ என்ற பிடிப்பு எழுத்து, நனைந்த பரப்பில் நேர்கோட்டில் பிரேக் போட்டு அளந்தது. திருப்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

புது டயர் போட்டதும் நேராகப் போய் சோதித்துப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள். டயரை வார்க்கிற அச்சிலிருந்து பிரிந்து வருவதற்காகப் பூசியதன் மிச்சம் மேலே இருக்கும், முதல் 200, 300 கிலோமீட்டர் சாதுவாக ஓட்டித் தேய்க்க வேண்டும். வீல் நட்டை நியூமேடிக் கன்னால் அடித்துவிட்டு அனுப்பினால் சம்மதிக்காதீர்கள், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால், உங்கள் கார்ப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. நூறு கிலோமீட்டர் போன பிறகு இன்னொரு முறை. ஓட்டும்போது பிடிப்பைச் சம்பளக் கவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், திருப்பத்துக்கு எடுத்தது போக மிச்சம்தான் ஆக்சிலேட்டருக்கு. ஈரத்தில் கவரே மெலிந்துவிடும். மணிக்கு 100ல் இருந்து நிற்க, நல்ல டயரோடு காய்ந்த ரோட்டில் 40 மீட்டருக்குப் பக்கம் என்றால், பிடிப்பு அதில் 0.6 பங்கு ஆகும்போது 65 மீட்டர் தாண்டும். டிராக்ஷன் கண்ட்ரோலும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாததை உண்டாக்காது. அவற்றை அணைக்கிற சுவிட்சை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பஞ்சர் ஆனால், ஆணி நடுப்பகுதியில் இருந்து ஓட்டை 6 மி.மீ.க்குள் என்றால், டயரைக் கழற்றி உள்ளேயிருந்து தண்டோடு கூடிய பேட்ச் வைப்பது ஒன்றுதான் முறையான வேலை. வெளியிலிருந்து திரியைச் செருகுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். தோள்பட்டையிலோ (பட்டனும் பக்கச்சுவரும் சேர்கிற விளிம்பு) பக்கச்சுவரிலோ என்றால் ஒட்டவே கூடாது. சரியாக ஒட்டினாலும் பழைய வேக மதிப்பு செல்லாது என்று சில டயர்க் கம்பெனிகள் சொல்லிவிடுகின்றன, உங்கள் காரில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் பற்றி யாராவது பேசினால், காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஈரப்பசை இல்லாமல் இருப்பது ஒரு சின்ன லாபம், மாதம் ஒருமுறை அளப்பதற்கு அது மாற்று இல்லை. பளபளப்புத் திரவத்தைப் பக்கச்சுவரோடு நிறுத்துங்கள், பட்டன் மேல் பட்டால் நீங்களே எண்ணெய் பூசிய மாதிரி.

இனி உங்கள் விஷயத்தில் வரிசை இப்படித்தான் இருக்கும். நாளைக் காலையில் கார் நகர்வதற்கு முன் நான்கு டயரிலும் காற்றை அளந்து ஸ்டிக்கரில் உள்ளதுக்குக் கொண்டுவாருங்கள், நான்கு தேதியையும் எழுதி வையுங்கள், உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தேதி ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றிவிட்டு அலைன்மென்ட் பாருங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம். தேதி இளையது, விளிம்பும் சரி, அப்போதும் வழுக்குகிறது என்றால் பின் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் டோவையும் சந்தேகிப்பேன். அதற்கு மேல் காரைப் பார்க்காமல் சொல்வது ஜோசியம். அப்புறம், டிக்கியைத் திறந்து பாருங்கள். இந்த மாதிரிக் கார்களில் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ஒரு சின்ன கம்ப்ரஸரும் பஞ்சர் அடைக்கிற திரவம் உள்ள ஒரு பாட்டிலும்தான் இருக்கும். டயரை மாற்றாதவர் அதையும் மாற்றியிருக்க மாட்டார், அந்த பாட்டிலிலும் காலாவதித் தேதி போட்டிருக்கும்.